பேச்சுத்துணைக்குச் செல்லத் தொடங்குவோருக்கு: நீலகிரியில் தனித்திருக்கும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீடுகளை நோக்கி ஒரு வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கமோ கேத்திப் பள்ளத்தாக்கிலோ, மழை இல்லாத ஒரு நாளின் முற்பகலில் ஊருக்குள் நடந்து சென்றால், வெயில் விழும் வாசற்படியில் ஒரு முதியவர் தனியாக அமர்ந்திருப்பதைப் பல வீடுகளில் காணலாம். 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலையின் விலை சரிந்தபின், ஒன்றிரண்டு ஏக்கர் தோட்டத்தை நம்பி இனி வாழ முடியாது என்று பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்கிவிட்டார்கள். பெற்றோர் வீட்டோடும் தோட்டத்தோடும் தங்கிவிட்டார்கள். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, தேயிலைத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்தவர்களின் வீடுகளிலும் ஏறத்தாழ இதே நிலைதான். இவர்களைத் தவிர, நடக்க இயலாததாலோ பார்வை இல்லாததாலோ, படிக்கட்டுகளே தெருவாக அமைந்த இந்தச் சரிவுகளில் வீட்டைவிட்டு இறங்க வழியில்லாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருக்கும் நடுவயதினரும் இளைஞர்களும் உண்டு. அவர்களை வாசற்படியில்கூடக் காண முடிவதில்லை.

இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில் சென்று, ஒரு மணி நேரம் உடனிருந்துவிட்டு வருவதைத்தான் இங்கே பேச்சுத்துணை என்று சொல்கிறேன். குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, புண்ணுக்கு மருந்திடுவது, மாத்திரைகளைப் பிரித்துக் கொடுப்பது ஆகியவை பயிற்சி பெற்ற பராமரிப்பாளரின் பணிகள். ஆர்வத்தால் அவற்றில் கை வைத்தால், விழுந்து இடுப்பெலும்பு முறிவது போன்ற பெருந்தீங்கு நேரலாம். ஊதியம் பெற்றுக்கொண்டு இதைச் செய்வோரும் இருக்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. எந்த நாள், எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, எவையெல்லாம் தம் வேலையில் சேராது என்பவற்றை அவர்கள் எழுதி இரு தரப்பும் ஒப்பமிட்டுக்கொள்ள வேண்டும். நான் எழுதுவது பெரும்பாலும் ஊதியமின்றித் தொடங்க விரும்பும் புதியவர்களுக்காக.

முதலில் உங்கள் வாரத்தை எண்ணிப் பாருங்கள்

யாரைப் பார்க்கப் போகிறோம் என்று தேடுவதற்கு முன், எந்த நாளை, எந்த மணியை நம்மால் ஓராண்டுக்கு விட்டுக்கொடுக்க முடியும் என்பதை முடிவு செய்ய வேண்டும். எங்கள் கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மலையிறங்கினால் வரும் மலப்புறம் மாவட்டத்தில், 2001 இல் உருவான அண்டை அயலார் வலிநிவாரணப் பராமரிப்பு அமைப்பு, வாரத்துக்கு குறைந்தது 2 மணி நேரம் ஒதுக்கக் கூடியவர்களைத்தான் தன்னார்வலர்களாகத் தேடியது. அந்த அளவு சரியானது என்றே என் அனுபவமும் சொல்கிறது. ஒரு மணி நேரம் வீட்டில், மற்றொரு மணி நேரம் பேருந்துக்கும் படிக்கட்டுக்கும் போய்விடும்.

தொடங்குபவர் ஒரே ஒரு வீட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் தவறாமல் சென்றபின் இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம். நான் முதல் ஆண்டிலேயே நான்கு வீடுகளை ஏற்றுக்கொண்டேன். ஒரு நவம்பர் மாத வியாழக்கிழமை, மரம் விழுந்து குன்னூர்ச் சாலை அடைபட்டதால், அவற்றில் தனித்திருந்த ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போக முடியவில்லை. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணித் தொலைபேசியிலும் அழைக்காமல் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் சென்றபோது அந்த அம்மா ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. ஆனால், பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் படியோரம் நிறுத்தி, அன்று அவர் எனக்காகப் பாலைச் சுடவைத்து, கதவைத் திறந்தபடியே மாலை 4 மணி வரை அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னார். வாரத்தில் ஆறு நாள் யாரும் வராத வீட்டில் ஏழாவது நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருந்தால், அந்த வாரம் முழுவதுமே வீணாகிறது. அன்றிலிருந்து இரண்டு வீடுகளோடு நிறுத்திக்கொண்டேன். வர முடியாது என்று தெரிந்த நிமிடமே அழைத்துச் சொல்லிவிடுகிறேன்.

மலையில் இந்த ஒழுங்கைக் காக்கக் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். ஊட்டியிலும் கூடலூரிலும் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் பெய்த பெருமழையின்போது நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைகள் பல துண்டிக்கப்பட்டன. ஆகவே, நடந்து போகக்கூடிய தொலைவில் அல்லது ஒரே பேருந்தில் போகக்கூடிய இடத்தில் உள்ள வீட்டையே தேர்ந்தெடுங்கள். மழைக்காலத்தில் நேரில் செல்வதற்குப் பதிலாக அதே நாள், அதே மணியில் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசுவது என்று முதலிலேயே இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். நேரம் முற்பகல் 10 முதல் 12 வரை அல்லது பிற்பகல் 2 முதல் 4 வரை இருப்பது நல்லது. மாலை 5 மணிக்குமேல் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும் என்று பெரியவர்கள் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் திரும்பி நடப்பதும் அவர்களுக்குக் கவலை தரும்.

யாருடைய வீடு என்று கண்டறிதல்

நீங்களாகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். அந்த வீட்டுக்கு ஏற்கெனவே சென்று வருபவர் ஒருவரின் துணையோடு போவதே முறை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டு செல்லும் பெண் பணியாளர்கள், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், அஞ்சல்காரர், பால் ஊற்றுபவர், ரேஷன் கடைக்காரர் ஆகியோருக்கு எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பது நன்றாகத் தெரியும். நீலகிரியின் படகர் சமூகத்தார் வாழும் ஹட்டி எனப்படும் ஊர்களில் ஊர்த்தலைவரிடமும், பழங்குடிக் கிராமங்களில் ஊர்ப் பெரியவர்களிடமும் முதலில் சொல்லிவிட்டுச் செல்வது மரியாதை மட்டுமன்று, உங்களுக்கும் பாதுகாப்பு.

உங்கள் பெயரில் காவல் துறையின் சரிபார்ப்புச் சான்று ஒன்றைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம். என்னைச் சந்தேகப்படுகிறார்களா என்று மனம் வருந்த வேண்டாம். வெளியூரில் இருக்கும் மகளுக்கு, தன் தாயின் வீட்டுக்குள் வாரந்தோறும் வருபவர் யார் என்று அறியும் உரிமை உண்டு. அந்த மகளிடமோ மகனிடமோ ஒருமுறையாவது பேசுங்கள். ஆனால் பிள்ளைகள் சம்மதித்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டில் இருப்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான் மூன்று முறை வந்து போகிறேன், பிறகு முடிவு சொல்லுங்கள் என்று அவரிடமே கேட்பது நல்ல வழி.

முதல் நாள்

அறிமுகம் செய்துவைப்பவர் உடன் இருக்கட்டும். அரை மணி நேரம் போதும். காட்டும் இடத்தில் அமருங்கள், கொடுக்கும் தேநீரை வாங்கிக் குடியுங்கள். நமக்கு உபசரிப்பு எதற்கு என்று மறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எளிமையென்று அவர்கள் நினைக்கலாம், ஆனால் வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்கும் நிலையில் தாம் இருக்கிறோம் என்ற அந்த மனிதரின் நிறைவை அது பறித்துவிடுகிறது.

எப்படி அழைக்கலாம் என்று கேட்டுவிடுங்கள். அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ‘சார்’ என்பதை விரும்பலாம், பள்ளியில் பாடம் நடத்தியவர் எண்பது வயதிலும் ‘டீச்சர்’தான், தோட்டத்தில் கொழுந்து பறித்த பாட்டி ‘அம்மா’ என்றால் மகிழ்வார். யாராயினும் ‘நீங்கள்’ என்றே பேசுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ள முப்பது வயது இளைஞரையும் குழந்தையைக் கொஞ்சுவதுபோல் பேசாமல் அதே மரியாதையோடு அழைக்க வேண்டும். படகர் வீடுகளில் பெரியவர் முன் தலை தாழ்த்தினால், தலையில் கைவைத்து வாழ்த்துவார். நீங்கள் படகராக இல்லாவிட்டாலும், அவர் கையை உயர்த்தினால் தலையைத் தாழ்த்துங்கள். படகர்களின் மொழியில் நாலு சொல் கற்றுக்கொண்டு போனால், வாய்விட்டுச் சிரித்துத் திருத்துவார்கள். பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.

எழும்போது அடுத்த நாளைச் சொல்லிவிட்டு எழுங்கள். “அப்புறம் வருகிறேன்” என்று பொதுவாகச் சொல்லாமல், “அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன், அம்மா” என்று சொல்லி, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்தத் தேதியை அவர் கையாலேயே வட்டமிடச் சொல்லுங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது

புதியவர்களின் அச்சமெல்லாம் இதுதான்: பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது? உண்மையில் சேர்ந்து செய்ய ஒரு சிறு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். அவரைக்காய் உரிப்பது, பழைய படங்களை ஆல்பத்தில் அடுக்குவது, செய்தித்தாளை உரக்க வாசிப்பது, பேரனுக்குக் காணொளி அழைப்புப் போடக் கற்றுத்தருவது, வாசலில் தகர டின்னில் வளரும் செடிக்கு மண் மாற்றுவது என எதுவானாலும் சரி. 1946 இல் பாரிஸில் ஆர்மான் மார்க்கிசே என்பவர், போருக்குப்பின் தனித்துவிடப்பட்ட முதியவர்களுக்காக ‘ஏழைகளின் சிறு சகோதரர்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கியபோது, ‘ரொட்டிக்கு முன் பூக்கள்’ என்பதை அதன் முழக்கமாக வைத்தார். ரொட்டி தேவையில்லை என்பது அதன் பொருளன்று. உணவு கொண்டு செல்பவர்களும் அழகையும் அன்பையும் இரண்டாவதாக வைத்துவிடக் கூடாது என்பதே பொருள். இங்கே வெட்டிய பூவைவிட ஒரு ஜெரேனியக் கிளையைக் கொண்டு போவது நல்லது; நட்டுவைத்தால் அடுத்த வாரம் அது வேர்பிடித்ததா என்று பார்க்க ஒரு காரணம் கிடைக்கும்.

அவரிடம் உதவி கேளுங்கள். இதை நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்து எப்போது செய்வது, பனி விழும் டிசம்பரில் உருளைக்கிழங்குப் பயிரை எப்படிக் காப்பது, ஊறுகாய்க்கு எந்தக் காய் என்று கேட்கும்போது, எல்லோரும் கொடுக்க, தான் மட்டும் வாங்கிக்கொண்டே இருக்கும் நிலையிலிருந்து அவர் எழுந்து நிற்கிறார். மௌனமாக இருக்க விரும்பும் நாளில் மௌனமாகவே உடன் இருங்கள்.

காது மந்தமானவர்களிடம் உரக்கக் கத்த வேண்டாம். கத்தும்போது சொல் சிதைகிறது. சன்னலுக்கு முதுகு காட்டாமல், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி அமர்ந்து, வாயை மறைக்கும் மப்ளரை இறக்கிவிட்டு, சுருதி தாழ்ந்த குரலில், தெளிவாக நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். ஒரு சிலேட்டும் சாக்பீஸும் பெரும் துணை. பார்வையற்றவரின் வீட்டில் நுழையும்போது பெயரைச் சொல்லுங்கள், எழுந்து போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள், எந்தப் பொருளையும் இடம் மாற்றாதீர்கள். வெளியே நடக்கும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுத்து, ஏறும் படியா இறங்கும் படியா, எத்தனை படி என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சக்கர நாற்காலி அவருடைய உடலின் ஒரு பகுதி போன்றது. கேட்காமல் அதைத் தள்ளவோ அதன்மேல் சாயவோ கூடாது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் அதே வரிசையில், அதே இருக்கையில், அதே விளையாட்டு என்று அமைத்துக்கொள்வது அமைதியைத் தரும். அவர்களைப் பற்றிய கேள்வியை அருகிலிருக்கும் தாயிடம் கேட்காமல் அவர்களிடமே கேளுங்கள்.

மறதிநோய் உள்ளவர், இறந்துபோன கணவர் எங்கே என்று கேட்டால், “அவர் இறந்துவிட்டாரே” என்று திருத்தாதீர்கள்; ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதிய சாவுச் செய்தி. அவர் எப்படிப்பட்டவர், என்ன வேலை பார்த்தார் என்று கேட்டு, பேச்சை அவருடைய நினைவுக்குள்ளேயே கொண்டு செல்லுங்கள். ஆனால் சென்ற வாரம் தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால், அதை வயது என்றோ மறதி என்றோ விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று போன்ற நோய் காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

குளிர், நெருப்பு, படிக்கட்டு

பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய அறையில் கரியடுப்போ கணப்புச் சட்டியோ எரிவதுதான் மலையில் மிகப் பெரிய ஆபத்து. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரி மூட்டிவிட்டு உறங்கியவர்கள் இறந்த செய்தியைக் குளிர்காலங்களில் படித்திருப்பீர்கள். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு இருந்தால் கதவையும் சன்னலையும் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108 ஐ அழையுங்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்து உறங்கினால், சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும்; போர்வைக்குள் முன்கூட்டியே வைத்துச் சூடாக்கிவிட்டு, படுக்கும் முன் பையை எடுத்துவிடச் சொல்லுங்கள். பாசி பிடித்த வாசற்படி, இருட்டான கழிப்பறை வழி, நழுவும் சாக்கு மிதியடி ஆகியவற்றை அவர் அனுமதியோடு சரிசெய்யுங்கள்.

பணம், சாவி, கையெழுத்து

இவற்றில் தளர்வே வேண்டாம். கடன் கொடுக்கவும் வாங்கவும் கூடாது. வங்கி அட்டை, கடவு எண், ஓடிபி எதையும் கேட்டு வைத்துக்கொள்ளக் கூடாது. கடைக்குப் போய்வரச் சொன்னால், ரசீதையும் மீதிச் சில்லறையையும் அப்போதே கொடுத்து நோட்டில் எழுதிவிடுங்கள். உயிலுக்கோ பத்திரத்துக்கோ சாட்சிக் கையெழுத்துப் போடுவது எவ்வளவு நெருக்கமானபின்னும் உங்கள் வேலை அன்று. சாவி தந்தால், அவருடைய பிள்ளைகளுக்குத் தெரிவித்தபின் மட்டுமே வாங்குங்கள். ‘டிஜிட்டல் கைது’ என்று காவல் அதிகாரிபோல் பேசிப் பணம் பறிக்கும் அழைப்புகள் தனித்திருப்போரையே குறிவைக்கின்றன. அப்படியொரு கைது சட்டத்தில் இல்லை என்று முன்பே சொல்லிவையுங்கள், பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930 க்கு அழைக்க வேண்டும்.

பிள்ளைகள் கைவிட்டார்கள் என்று அவரே மனம் திறந்து சொன்னால், சட்டம் இருப்பதைத் தெரிவிக்கலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007 இல் வந்தது. கோட்டாட்சியர் நிலையில் உள்ள தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காத நிலையில் மீட்க அதன் 23 ஆம் பிரிவு வழி செய்கிறது. மனு கொடுக்கத் தூண்ட வேண்டாம். பெரும்பாலான பெற்றோர் விரும்புவது வழக்கை அன்று, ஒரு தொலைபேசி அழைப்பை. உடலில் காயமோ, பட்டினியோ, பூட்டிவைத்த அடையாளமோ கண்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. முதியோர் உதவி எண் 14567 காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. மற்ற நேரத்தில் அவசர உதவி எண் 112. வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். எப்போதிருந்து அப்படித் தோன்றுகிறது என்று கேளுங்கள், தனியே விட்டுவிட்டு வராதீர்கள், எந்நேரமும் இயங்கும் 14416 மனநல உதவி எண்ணை உடனிருந்து அழையுங்கள்.

அரசிடமிருந்து வர வேண்டியவை வருகின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டு சேர்ப்பதற்கானது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தனித்துவ அடையாள அட்டை இல்லாதவருக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒருமுறை துணைக்குச் சென்றுவருவது நல்ல உதவி. ஆனால் ஒவ்வொரு வாரமும் விண்ணப்பப் படிவத்தோடு போய் நிற்காதீர்கள். பிறகு நீங்களும் இன்னோர் அலுவலகமாகிவிடுவீர்கள்.

விழா முடிந்த வாரம்

டிசம்பர், ஜனவரியில் ஹெத்தை அம்மன் திருவிழாவுக்கும், கிறிஸ்துமசுக்கும், பொங்கலுக்கும் பிள்ளைகள் வந்து வீடு நிறைந்திருக்கும். அப்போது ஒதுங்கியிருங்கள், அழைத்தால் மட்டும் செல்லுங்கள். அவர்கள் கிளம்பிப்போன மறுநாள்தான் உங்கள் நாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களும் மடித்து வைத்த கூடுதல் கம்பளிகளும் கிடக்கும் அந்த வீட்டில், வழக்கமான நாளுக்காகக் காத்திராமல் போய்ச் சேருங்கள். என் நோட்டில் ஆண்டுதோறும் முதலில் எழுதி வைப்பது அந்தத் தேதிகளைத்தான்.

அந்த நோட்டில் மற்றபடி அதிகம் எழுத வேண்டாம்: சென்ற நாள், பேசிய ஒன்றிரண்டு செய்திகள், அடுத்த முறை கேட்க வேண்டியது. மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். சென்ற வாரம் சொன்ன அந்தக் கன்றுக்குட்டி பால் குடிக்கிறதா என்று கேட்க நோட்டு வேண்டும். வீட்டுக்குள் அறிந்ததை வெளியே சொல்லக் கூடாது. படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடவே கூடாது.

நிறுத்த நேரும்போது

வேலை மாற்றம், திருமணம், உங்கள் வீட்டிலேயே நோய் என ஏதாவது ஒன்றால் நிறுத்த நேரலாம். குறைந்தது நான்கு வாரத்துக்கு முன் சொல்லுங்கள். தொடர்ந்து வரப்போகிறவரைக் கடைசி இரண்டு முறையும் உடன் அழைத்துச் சென்று, அந்த வீட்டின் வழக்கங்களை அவர் கண்ணால் காணச் செய்யுங்கள். நீங்கள் துணையிருந்தவர் இறந்துவிட்டால், அடக்கத்துக்குப் போய் உறவினருக்குப் பின்னால் நில்லுங்கள். சாவி இருந்தால் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள், நோட்டில் அவர் சொன்ன ஏதாவது ஒன்று பிள்ளைகளைப் பற்றிய நல்ல சொல்லாக இருந்தால் அதை அவர்களிடம் சொல்லுங்கள். அடுத்த வீட்டை உடனே ஏற்க வேண்டாம். ஒரு மாதம் போகட்டும். அந்த நாளின் அந்த மணியை மட்டும் வேறெதற்கும் கொடுத்துவிடாமல் வைத்திருங்கள்.